மழை பெய்தாலே நடுங்கும் மகள்: குழந்தைகளின் தீராத பதற்றத்துக்கு மலையில் என்ன சிகிச்சை கிடைக்கும்?

கோத்தகிரிக்காரன் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு 10 வயது. ஐந்தாம் வகுப்பில் படிக்கிறாள். கோத்தகிரியிலிருந்து சற்றுத் தள்ளி, தேயிலைச் சரிவு ஒன்றின் அடியில் எங்கள் வீடு இருக்கிறது. 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணில் புதைந்தபோது, வீட்டிலிருந்த எல்லாக் கைப்பேசிகளிலும் அந்தக் காட்சிகளே நாள் முழுவதும் ஓடிக்கொண்டிருந்தன. அவள் அவற்றை எத்தனை முறை பார்த்தாள் என்பதை நாங்கள் கவனிக்கவில்லை. போதாக்குறைக்கு, 2009 நவம்பரில் நம் மாவட்டத்தில் மண் சரிந்து 40க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை, அந்த நாட்களை நேரில் கண்ட என் தாயார் அவளிடம் ஒன்றுவிடாமல் சொல்லியிருக்கிறார்.

அப்போது தொடங்கிய பயம் ஓர் ஆண்டு கடந்தும் தணியவில்லை. தினமும் இருட்டியதும் டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னாலுள்ள தடுப்புச் சுவரில் புதிய விரிசல் ஏதும் உண்டா என்று பார்க்கிறாள். காலணிகளைக் கட்டிலுக்கு அடியிலேயே வைத்துக்கொண்டு, எனக்கும் என் மனைவிக்கும் நடுவில்தான் படுக்கிறாள். "அப்பா, இன்றைக்கு மண் சரியுமா?" என்ற கேள்வியை ஒரே மாலையில் இருபது முறை கேட்பாள், ஒவ்வொரு முறையும் நான் "சரியாது கண்ணு" என்று சொல்வேன், பத்து நிமிடம்கூடத் தாங்காது. பள்ளி நாட்களில் காலையில் வயிற்றுவலி என்பாள். குழந்தை நல மருத்துவர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு வயிற்றில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார். மழை நாட்களில் பெரும்பாலும் பள்ளிக்கு அனுப்புவதில்லை. அவளுக்காக நான் இரவு வேலையையும் விட்டுவிட்டேன்.

இது வளர வளரச் சரியாகிவிடும் என்று காத்திருக்கலாமா? இதற்கு உண்மையிலேயே பலன் தரும் சிகிச்சைகள் எவை? வாரந்தோறும் கோவைக்கு இறங்கித்தான் ஆக வேண்டுமா? பேருந்து வளைவுகளில் திரும்பத் தொடங்கியதுமே அவளுக்கு வாந்தி வந்துவிடும். பத்து வயதுக் குழந்தைக்கு மாத்திரை கொடுப்பதை நினைத்தாலே எங்களுக்குப் பயமாக இருக்கிறது. விவரம் அறிந்தவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.


குன்னூர் உளவியலாளர் (பதில்):

வணக்கம் ஐயா. நான் குழந்தைகளுக்குச் சிகிச்சையளிக்கும் மருத்துவ உளவியலாளர். நேரில் பார்க்காத குழந்தைக்கு நோயின் பெயர் சூட்டுவது சரியல்ல என்பதால் அதைத் தவிர்த்துவிட்டு, நீங்கள் எழுதியிருப்பதைக் கொண்டு சொல்லக்கூடியவற்றை மட்டும் சொல்கிறேன்.

காத்திருக்க வேண்டாம். பயம் எல்லாக் குழந்தைகளுக்கும் வரும், போகும். ஆனால் அது மாதக்கணக்கில் நீடித்து, பள்ளியையும் தூக்கத்தையும் வீட்டாரின் வேலையையும் பாதிக்கத் தொடங்கிவிட்டால் அது சிகிச்சைக்கு உரிய நிலை. பெற்றோரைப் பிரிய அஞ்சுவது நான்கு வாரங்களுக்கு மேலும், பல விஷயங்களைப் பற்றிய ஓயாத கவலை ஆறு மாதங்களுக்கு மேலும் நீடித்தால்தான் அவற்றைக் கோளாறு என்று கருதுவது வழக்கம். உங்கள் மகளின் பயம் இந்த இரண்டு எல்லைகளையும் தாண்டி நீடித்திருக்கிறது. முதல் சந்திப்பில் எவரும் மூன்று கேள்விகளுக்கு விடை தேடுவார்கள்: இது பிரிவுப் பதற்றமா, பொதுவான பதற்றமா, அல்லது அந்தக் காட்சிகள் கனவிலும் விழிப்பிலும் திரும்பத் திரும்ப வந்து தாக்கும் அதிர்ச்சியின் பின்விளைவா? மூன்றாவதாக இருந்தால் சிகிச்சையின் போக்கு சற்று மாறும். தைராய்டு, இரத்தசோகை ஆகியவற்றையும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: நம் மலையில் குழந்தைகளுக்கும் ஒரு நாளில் மூன்று நான்கு முறை கெட்டியான தேநீர் கொடுக்கிறோம். அதிலுள்ள காஃபின் படபடப்பையும் தூக்கமின்மையையும் கூட்டும். மாலைத் தேநீரை நிறுத்திப் பாருங்கள், செலவில்லாத வேலை.

சிகிச்சைக்கு வருகிறேன். குழந்தைகளின் பதற்றத்துக்கு மிக அதிகமான சான்றுகள் உள்ள பேச்சுவழிச் சிகிச்சை, அறிவுசார் நடத்தைச் சிகிச்சை என்கிற சி.பி.டி. தான். பெரும்பாலும் வாரம் ஒரு முறை, 12 முதல் 16 அமர்வுகள் வரை நடக்கும். மூச்சுப் பயிற்சி, உடலைத் தளர்த்துதல், "என்ன நடந்துவிடும் என்று நினைக்கிறாய், அது நடக்க எவ்வளவு வாய்ப்பு?" என்று எண்ணங்களைச் சோதித்தல் ஆகியவை அதில் உண்டு. ஆனாலும் அதன் உயிர்நாடி, பயப்படும் ஒன்றைப் படிப்படியாக எதிர்கொள்வதுதான். 1924இலேயே மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர், முயலைக் கண்டு அலறிய ஒரு சிறுவனுக்குப் பிடித்த உணவைக் கொடுத்துக்கொண்டே, கூண்டிலிருந்த முயலைச் சிறிது சிறிதாக அருகே நகர்த்தி, கடைசியில் அவனே அதைத் தடவிக்கொடுக்கும்படி செய்துகாட்டினார். நூறு ஆண்டுகள் ஆகியும் அடிப்படை மாறவில்லை. பயம் உச்சத்தை எட்டிய கணத்தில் குழந்தை விலகிவிட்டால், "விலகியதால்தான் தப்பித்தேன்" என்று அதன் மனம் கற்றுக்கொள்கிறது. விலகாமல் நின்றால், பயம் தானாக இறங்குவதையும் அஞ்சியது நடக்காமல் போவதையும் அது நேரில் பார்க்கிறது.

உங்கள் மகளின் விஷயத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. நகரத்துக் குழந்தை கரப்பான்பூச்சிக்கு அஞ்சினால், "அது உன்னை ஒன்றும் செய்யாது" என்று சொல்லிவிடலாம். நீலகிரியில் மண் சரியாது என்று எவராலும் சொல்ல முடியாது. நீங்கள் "சரியாது கண்ணு" என்று சொல்லும்போது, அது பொய் வாக்குறுதி என்பதை அந்தப் புத்திசாலிக் குழந்தை உணர்ந்துவிடுகிறது. அதனால்தான் இருபது முறை கேட்கிறாள். எனவே முதலில் பெரியவர்களின் வேலையைப் பெரியவர்கள் முடிக்க வேண்டும். வருவாய்த் துறையினரையோ விவரம் தெரிந்த பொறியாளரையோ அழைத்து அந்தத் தடுப்புச் சுவரையும் வடிகாலையும் ஒருமுறை முறையாகப் பாருங்கள். உண்மையிலேயே ஆபத்து இருந்தால் அதற்கு மருந்து உளவியல் அல்ல, வேறு வீடு. ஆபத்து இல்லையென்று தெரிந்த பிறகு வீட்டில் ஒரே ஒரு விதி போதும்: மாவட்ட ஆட்சியர் விடுமுறை அறிவித்தால் பள்ளி இல்லை, அறிவிக்காவிட்டால் பள்ளி உண்டு, இடம்பெயரச் சொன்னால் உடனே கிளம்புவோம், சொல்லாவிட்டால் தூங்குவோம். 1077 என்ற மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண்ணைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். ஆபத்தை அளக்கும் பொறுப்பு அவளுடைய சின்னத் தோளிலிருந்து இறங்க வேண்டும்.

அதன் பிறகு பயத்துக்கு ஒரு ஏணி கட்டுவோம். எந்தப் படி எளிது, எது கடினம் என்பதை அவளே பூஜ்யம் முதல் பத்து வரை மதிப்பெண் போட்டுச் சொல்வாள். தகரக் கூரையில் மழை விழும் ஓசையைப் பகலில் ஐந்து நிமிடம் கேட்பது கீழ்ப்படியாக இருக்கலாம். மழையில்லாத ஓர் இரவில் சுவரைப் பார்க்காமல் இருப்பது, தூறலில் குடைபிடித்துக் கடைக்குப் போய்வருவது, காலணியை வாசலிலேயே விட்டுவிட்டுப் படுப்பது, உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் தனிப்பாயில் படுப்பது, பிறகு அந்தப் பாயைக் கதவருகே நகர்த்துவது என்று மேலே ஏறலாம். ஒரு படியில் பயம் கண்கூடாகக் குறையும் வரை அடுத்த படிக்கு அவசரப்படக் கூடாது. துணிவுக்குப் பாராட்டும் சிறு பரிசும் உண்டு. அழுதால் தண்டனை இல்லை.

கோவைக்கு வாரந்தோறும் வர முடியாது என்று கவலைப்படுகிறீர்கள். குழந்தையை அழைத்து வராமல் பெற்றோரை மட்டும் பயிற்றுவிக்கும் முறையும் இருக்கிறது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஈலை லெபோவிட்ஸ் உருவாக்கிய 'ஸ்பேஸ்' என்ற முறை அது. 124 குழந்தைகளின் குடும்பங்களைக் கொண்டு நடத்திய ஆய்வு 2020இல் வெளிவந்தது. பெற்றோர் மட்டும் 12 அமர்வுகளுக்கு வந்த குடும்பங்களின் குழந்தைகளும், நேரடியாக சி.பி.டி. பெற்ற குழந்தைகளுக்குக் குறையாத முன்னேற்றம் கண்டார்கள். அதன் கருத்து எளிது, செய்வது கடினம்: பயத்துக்காக வீடு செய்துவரும் விட்டுக்கொடுப்புகளை ஒவ்வொன்றாக, முன்கூட்டியே சொல்லிவிட்டு, அன்போடு குறைப்பது. உங்கள் வீட்டில் அவற்றைக் கணக்கெடுங்கள்: இருபது முறை ஆறுதல், நடுவில் படுக்கை, மழை நாள் விடுப்பு, நீங்கள் விட்ட இரவு வேலை. எல்லாம் அன்பால் செய்தவைதான்; ஆனால் ஒவ்வொன்றும் அவளிடம் "உன்னால் தாங்க முடியாது" என்று சொல்லாமல் சொல்கிறது. ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். கேள்விக்கான பதிலிலிருந்து தொடங்குவது பெரும்பாலும் எளிது: "உனக்குப் பயமாக இருக்கிறது என்று தெரிகிறது, உன்னால் தாங்கிக்கொள்ள முடியும் என்றும் எனக்குத் தெரியும்" என்று ஒரு முறை சொல்லிவிட்டு, பேச்சை மாற்றிவிடுங்கள். முதல் சில நாட்கள் அழுகை கூடும். அதை எதிர்பார்த்தே தொடங்குங்கள்.


கூடலூர் அம்மா (பதில்):

அண்ணா, உங்கள் பதிவைப் படித்தபோது மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய என் வீட்டைப் பார்ப்பதுபோல் இருந்தது. என் மகனுக்கு அப்போது எட்டு வயது. பயம் மழைக்கு அல்ல, என்னைப் பிரிவதற்கு. நான் தேயிலை பறிக்கச் சென்ற நேரத்தில் யானை வந்துவிடும் என்று பள்ளி வாசலில் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அலறுவான்.

நாங்கள் செய்த பெரிய தவறை முதலில் சொல்லிவிடுகிறேன். சமவெளி நகரம் ஒன்றில் "குழந்தைகள் மன ஆலோசகர்" என்று பலகை வைத்திருந்த ஒருவரிடம் எட்டு மாதங்கள் அழைத்துச் சென்றோம். அவர் கண்ணை மூடி மூச்சு விடச் சொல்வார், வண்ணம் தீட்டச் சொல்வார், நினைவாற்றல் பயிற்சி என்று தனியாகப் பணம் வாங்குவார். பள்ளிக்குள் ஒரு நாளாவது எப்படி நுழைவது என்பதைப் பற்றிப் பேசவே இல்லை. அவருடைய படிப்பு சில நாள் சான்றிதழ்ப் பயிற்சி மட்டுமே என்பது பின்னர்தான் தெரிந்தது. மருத்துவ உளவியலாளர் என்றால் எம்.பில். போன்ற உரிய பட்டமும் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவும் இருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. "இத்தனை வாரங்களில் என்ன மாறும் என்று எதிர்பார்க்கலாம்? வீட்டில் என்ன பயிற்சி கொடுப்பீர்கள்?" என்றும் முதல் நாளே கேளுங்கள். வீட்டுப் பாடம் தராத சிகிச்சையை நான் இனி நம்ப மாட்டேன்.

பிறகு கிடைத்த உளவியலாளர் நான்கு முறை மட்டும் நேரில் வரச் சொன்னார். மற்ற அமர்வுகள் வீடியோ அழைப்பில் நடந்தன. எங்கள் லைன் வீட்டில் சிக்னல் கிடைக்காது என்பதால் சனிக்கிழமைதோறும் நானும் மகனும் மேட்டிலிருக்கும் பேருந்து நிழற்குடைக்கு ஏறுவோம். அங்கே அமர்ந்துதான் பேசினோம். கூச்சமாகத்தான் இருந்தது. கீழே இறங்கும் நாட்களில் வாந்திக்கு மருத்துவரிடம் மாத்திரை கேட்டு, கிளம்புவதற்கு அரைமணி நேரம் முன்பு கொடுத்து, முன் இருக்கையில் உட்கார வைத்தோம்.

தலைமையாசிரியை நன்றாக ஒத்துழைத்தார். முதல் வாரம் வாசல் வரை, பிறகு ஒரு பாடவேளை, பிறகு மதியம் வரை என்று அனுமதித்தார். அழுதாலும் என்னைத் தொலைபேசியில் அழைக்க வேண்டாம் என்று எல்லா ஆசிரியர்களிடமும் சொல்லிவைத்தார். மூன்று மாதத்தில் முழுநாளும் உட்கார்ந்தான். காலாண்டு விடுமுறை முடிந்ததும் மீண்டும் முதலிலிருந்து அழுகை; எனக்கு உலகமே இருண்டுவிட்டது. ஆனால் இரண்டாம் முறை ஒன்பதே நாளில் ஏறிவிட்டான். விடுமுறைக்குப் பிறகு சறுக்கும் என்பதை முன்பே எதிர்பார்த்திருங்கள்.


ஓய்வுபெற்ற ஆசிரியர், உதகை (பதில்):

பாட்டிக்கு மனக்குறை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள் ஐயா. கோவிலில் கயிறு கட்டுவதாலோ பள்ளிவாசலில் ஓதி ஊதுவதாலோ குழந்தைக்குத் தெம்பு வந்தால் அதைத் தடுக்க வேண்டியதில்லை. சிகிச்சைக்குப் பதிலாக அதை வைத்துக்கொள்ளாதவரை போதும். 2009 கதையைத்தான் நிறுத்தச் சொல்ல வேண்டும். அல்லது அந்த இரவில் அக்கம்பக்கத்தார் எப்படி ஒருவரையொருவர் காப்பாற்றினார்கள் என்ற பாதியையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

இன்னொரு யோசனை. குழந்தையைக் கொண்டே ஒரு மழைமானி செய்யுங்கள். வானிலைத் துறையினர் காலை 8.30 மணிக்கு அளவெடுப்பதுபோல அவளும் எடுக்கட்டும். சிவப்பு எச்சரிக்கை என்பது ஒரே நாளில் 20 சென்டிமீட்டருக்கு மேல் பெய்யக்கூடிய மழைக்கு விடப்படுவது. தன் வாசலில் பெய்த தூறல் சில மில்லிமீட்டர்தான் என்று தன் கையாலேயே அளந்தால் பயம் அறிவாக மாறும் என்பது என் வகுப்பறை அனுபவம்.


குன்னூர் உளவியலாளர்:

ஆசிரியர் ஐயாவின் யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் எச்சரிக்கையோடுதான் அதை ஏற்க முடிகிறது. பதற்றமுள்ள குழந்தையின் கையில் எந்தக் கருவியைக் கொடுத்தாலும் அது இன்னொரு டார்ச் விளக்காக மாறிவிடக்கூடும். காலை 8.30க்கு ஒரே ஒரு முறை, அதுவும் பயம் ஓரளவு குறைந்த பிறகு என்றால் சரி. இரவில் எழுந்து அளவு பார்க்கத் தொடங்கினால் அன்றே மானியை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள்.


மனநல மருத்துவர் ஒருவர் (பதில்):

மாத்திரையைப் பற்றி யாரும் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன். 2008இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பிரிவுப் பதற்றம், பொதுவான பதற்றம், பிறர் முன்னிலையில் கூசி அஞ்சும் சமூகப் பதற்றம் ஆகியவற்றால் அவதிப்பட்ட 7 முதல் 17 வயது வரையிலான 488 பேரை நான்கு குழுக்களாகப் பிரித்து 12 வாரங்கள் கவனித்தார்கள். சி.பி.டி. மட்டும் பெற்றவர்களில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினரும், செர்ட்ரலின் மாத்திரை மட்டும் பெற்றவர்களில் 55 விழுக்காட்டினரும், இரண்டையும் சேர்த்துப் பெற்றவர்களில் 81 விழுக்காட்டினரும் நன்கு தேறினார்கள். ஒப்பீட்டுக்காகக் கொடுத்த, மருந்தே இல்லாத போலி மாத்திரை பெற்றவர்களில் தேறியவர்கள் 24 விழுக்காட்டினர். ஆகவே லேசான, நடுத்தரமான பதற்றத்துக்குப் பேச்சுவழிச் சிகிச்சையில் தொடங்குவதும், பள்ளிக்கே போக முடியாத அளவுக்குத் தீவிரமாக இருந்தாலோ சில மாதங்கள் முயன்றும் அசையாவிட்டாலோ மாத்திரையைச் சேர்ப்பதும் என் வழக்கம். மாத்திரை சேர்ப்பதை யாருடைய தோல்வியாகவும் நான் பார்ப்பதில்லை; ஏணியின் முதல் படியில் கால் வைக்கவே முடியாத குழந்தைக்கு அந்தப் படியைச் சற்றுத் தாழ்த்திக் கொடுப்பதாகவே பார்க்கிறேன்.

செர்ட்ரலின், ஃப்ளூவாக்ஸெடின் வகை மருந்துகளுக்குக் குழந்தை அடிமையாவதில்லை. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். தொடக்கத்தில் வயிற்றுப் புரட்டல், தூக்கக் குறைவு, துறுதுறுப்பு வரலாம். இவ்வகை மருந்துகள் குழந்தைகள் சிலரிடம் தற்கொலை எண்ணத்தைக் கூட்டலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004இல் எச்சரித்தது. எனவே முதல் வாரங்களிலும் அளவை மாற்றும்போதும் நெருங்கிக் கவனிக்க வேண்டும். நீங்களாகத் திடீரென நிறுத்தவும் கூடாது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் தூக்க மாத்திரை மட்டும் வேண்டவே வேண்டாம்.

எங்கே தொடங்குவது என்றால், உதகை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். அதற்குச் செலவு கிடையாது. அதற்கு முன் இன்றிரவே யாரிடமாவது பேச வேண்டுமென்றால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசுவார்கள்.


கோத்தகிரிக்காரன் (மூன்று வாரங்களுக்குப் பிறகு):

பதில் எழுதிய அனைவருக்கும் என் நன்றி. உதகையில் மனநல மருத்துவரைப் பார்த்தோம். பிரிவுப் பதற்றமும் பொதுவான பதற்றமும் கலந்திருப்பதாகவும், இப்போதைக்கு மாத்திரை வேண்டாம் என்றும், சி.பி.டி.யில் தொடங்கலாம் என்றும் சொன்னார். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நேரில், இடைப்பட்ட வாரம் தொலைபேசியில் என்று முடிவாகியிருக்கிறது. தடுப்புச் சுவரைப் பார்த்தவர் சுவர் உறுதியாக இருக்கிறது, வடிகாலை மட்டும் தூர்வார வேண்டும் என்றார். மகளையும் உடன் வைத்துக்கொண்டே தூர்வாரினோம். மாலைத் தேநீரை நிறுத்தியதற்கு அவளைவிட என் தாயார்தான் அதிகமாகக் கோபப்பட்டார்.

கேள்விக்கு ஒரு முறை மட்டும் பதில் சொல்வது என்று தொடங்கினோம். முதல் நான்கு இரவுகள் மிகக் கொடுமையாக இருந்தன. மூன்றாம் இரவு என் மனைவி மனம் பொறுக்காமல் "சரியாதுடி" என்று சொல்லிவிட்டாள், மீண்டும் முதலிலிருந்து தொடங்கினோம். இப்போது ஒரு மாலையில் நான்கைந்து முறைதான் கேட்கிறாள். மழைநாளில் இரண்டு முறை பள்ளிக்குப் போனாள். இரண்டு முறையும் வயிற்றுவலி இருந்தது, பத்து மணிக்குமேல் நின்றுவிட்டதாக வகுப்பாசிரியை சொன்னார். டார்ச் விளக்கை மட்டும் விடவே மாட்டேன் என்கிறாள். அதை எடுத்து ஒளித்துவைத்துவிடலாமா?


குன்னூர் உளவியலாளர்:

ஒளிக்க வேண்டாம் ஐயா. அது அவளுடைய ஏணியில் எத்தனையாவது படி என்று அவளிடமே கேளுங்கள். எட்டு, ஒன்பது என்று சொன்னால் அது பிறகு. இப்போதைக்கு டார்ச் அவள் தலையணைக்கு அருகிலேயே இருக்கட்டும். மழையில்லாத ஓர் இரவில் மட்டும், சுவரைப் பார்க்கக் கிளம்பும் நேரத்தைப் பத்து நிமிடம் தள்ளிப்போடச் சொல்லிப் பாருங்கள். அந்தப் பத்து நிமிடமும் பக்கத்தில் உட்கார்ந்து தாயமோ பல்லாங்குழியோ ஆடுங்கள். சுவரைப் பற்றி நீங்களாகப் பேச்செடுக்காதீர்கள்.